சூடா, ஒளியா? உலோகக் கொத்திலிருந்து லேசரால் அணுவைக் கழற்றுவதற்கு ஒரு முழு வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்பூட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் ஆறாம் படிவப் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக் கொடுப்பது என் பிழைப்பு. அதற்கு முன்னால் சில வருடம் ஓர் ஆய்வகத்தில் வெற்றிடக் கலனோடு மல்லுக்கட்டியவன். என்னிடம் படித்துவிட்டு இப்போது முதுகலை செய்கிற பையன் ஒருவன் லீவுக்கு ஊருக்கு வந்தபோது நேராக வகுப்புக்கே வந்து நின்றான். "சார், லேசர் அடிச்சு சோடியம் அணுவைக் கழற்றணுமாம். எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியல." மாமாக் (தமிழ் முஸ்லிம்) சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். தே தாரிக் மூன்று கிளாஸ் போனது, பில் தாள்களின் பின்பக்கமெல்லாம் கணக்கானது. அன்று பேசியதை ஒழுங்குபடுத்தி, விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது வீட்டில் செய்கிற வேலை இல்லை. சோடியம் தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும், லேசர் கண்ணைப் பறித்துவிடும். கணக்குப் பகுதியை மட்டும் யாரும் எங்கேயும் போட்டுப் பார்க்கலாம், அதிலேயே பாதி விஷயம் இருக்கிறது.

என்ன கேள்விக்காக இத்தனை பாடு

ஒரு படிகத்தின் மேல் சின்னச் சின்ன உலோகத் துளிகள் உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் சில பத்து நானோமீட்டர் அகலம். அதைத்தான் கொத்து என்கிறேன். அதன் மேல் லேசர் விழுகிறது, சில அணுக்கள் கழன்று வெற்றிடத்துக்குள் பறக்கின்றன. பாடப்புத்தகம் இதைப் பரப்பு நீக்கம் என்று சொல்லும். இதில் என்ன அதிசயம், சூடாக்கினால் எதுவும் ஆவியாகும்தானே என்று நீங்கள் கேட்டால், அந்தக் கேள்விதான் இந்தச் சோதனையின் உயிர். அணு சூட்டால் போனதா, இல்லை ஒளியே அதன் பிணைப்பை அறுத்து அனுப்பியதா?

எங்கள் பக்கத்தில் செம்பனை (எண்ணெய்ப் பனை) தெரியாதவர் கிடையாது. ஆலையில் குலைகளை மொத்தமாக உருளைக்குள் தள்ளி, 3 பார் அழுத்தத்தில் 140 டிகிரி அளவில் நீராவி விட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேகவைக்கிறார்கள். பழமெல்லாம் காம்போடு இருந்த பிடியை விட்டுவிடும். அது சூடு செய்கிற வேலை, எல்லாப் பழத்துக்கும் பொதுவான வேலை. தோட்டத்தில் மரத்திலேயே பழுத்த குலையைத் தொட்டுப் பாருங்கள், வெளி வரிசையில் பிடி தளர்ந்த நாலைந்து பழம் மட்டும் பொலபொலவென்று உதிரும், உள்ளே இருப்பது அசையாது. கீழே உதிர்ந்து கிடக்கிற பழத்தைப் பார்த்துத்தானே மண்டோர் (தோட்ட மேற்பார்வையாள்) குலை வெட்டலாமா என்று முடிவு செய்கிறார். இரண்டு வகையிலும் பழம் விழுகிறது. விழுந்த பழத்தை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் எது நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது.

1988இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் டிரேகர் குழு, லித்தியம் ஃபுளோரைடு மேல் இருந்த சோடியம் கொத்துகளில் இதைச் செய்து காட்டியது. கொத்துக்குள் இருக்கும் எலக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்து ஆடுகிற பரப்பு பிளாஸ்மான் தூண்டப்படும்போது அணுக்கள் கழல்கின்றன, வெறும் சூட்டை வைத்து அதை விளக்க முடியாது என்பது அவர்கள் சொன்னது. கீழே வருகிற முறை பெரும்பாலும் அந்தச் சோதனை வகையைப் பின்பற்றியதுதான்.

முதல் படி: கல்

லித்தியம் ஃபுளோரைடு படிகம் நல்ல தேர்வு. கண்ணுக்குத் தெரியும் ஒளியை அது உறிஞ்சுவதே இல்லை, அதனால் லேசர் கல்லைச் சூடாக்காது. படிகத்தளம் வழியாக ஒரு பிளேடை வைத்துத் தட்டினால் வழவழவென்று பிளக்கும், புதுப் பரப்பு கிடைக்கும். குவார்ட்ஸ், நீலக்கல் இரண்டிலும் செய்திருக்கிறார்கள்.

சோடியத்துக்கு இந்தக் கல் பிடிக்காது. கெலாடி (சேம்பு) இலையில் மழைத்தண்ணீர் பரவாமல் முத்து முத்தாக நிற்குமே, அது மாதிரி சோடியமும் கல்லில் பரவாமல் துளியாகத் திரளும். நமக்கு வேண்டியதும் அதுதான்.

நம் நாட்டுக்கென்று ஓர் எச்சரிக்கை. இங்கே காற்றின் பனிநிலை, அதாவது காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் சூடு, பெரும்பாலும் 24 டிகிரிக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஏர்கான் அறையில் 20 டிகிரியில் இருந்த கல்லை வராந்தாவுக்கு எடுத்து வந்தால் அது வேர்த்துவிடும். உப்புக்கல் அளவுக்கு இது ஈரம் இழுக்காது என்றாலும் பிளந்த பரப்பு மங்கிப்போகும். உலர்பெட்டியில் வைத்துத் தூக்குங்கள். லேசர் கண்ணாடிகளுக்கும் இதே கதைதான்.

இரண்டாம் படி: வெற்றிடம்

இது அலுப்பான வேலை, ஆனால் இதில் கஞ்சத்தனம் பண்ணினால் மீதி எல்லாம் வீண். 10⁻⁶ டார் அழுத்தத்தில் கலனுக்குள் மிஞ்சிய வாயு ஏறக்குறைய ஒரு வினாடியில் பரப்பு முழுக்க ஓர் அடுக்கு படிந்துவிடும், ஒட்டுகிற வாயுவாக இருந்தால். சோடியத்தின் மேல் ஈரம் ஒட்டாமல் இருக்குமா? ஆக உங்களுக்கு வேண்டியது 10⁻¹⁰ டார். அப்போது அந்த ஓர் அடுக்கு படிய 10,000 வினாடி, அதாவது மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. உங்கள் ஒரு சுற்று அளவீடு அதற்குள் முடிய வேண்டும்.

அந்த நிலைக்குப் போகக் கலனை 150 டிகிரியில் ஒன்றிரண்டு நாள் சுட வேண்டும், சுவரில் ஒட்டிய தண்ணீர் போவதற்காக. பேராக்கில் மதியம் மூன்று மணிக்கு இடி இடித்தால் கரண்டு போகும் என்பதை நினைவில் வைத்து, கரண்டு போனால் வால்வு தானாக மூடிக்கொள்கிற ஏற்பாட்டை முதலிலேயே செய்து வையுங்கள். அது இல்லாமல் நான் ஒருமுறை இரண்டு நாள் சுட்டதைப் பத்து நிமிடத்தில் இழந்தேன். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மூன்றாம் படி: கொத்து வளர்ப்பது

சோடியத்தைச் சின்ன அடுப்பில் சூடாக்கியோ, கரண்டு விட்டால் சோடியம் கக்குகிற உலோகப் பட்டையிலிருந்தோ ஆவியாக்கிக் கல்லின் மேல் அனுப்புங்கள். கல்லில் விழுந்த அணுக்கள் அங்குமிங்கும் ஓடி, ஏதாவது ஒரு குறையுள்ள இடத்தில் மாட்டிக்கொண்டு சேர்ந்து வளரும். எவ்வளவு விழுகிறது என்று பார்க்கப் பக்கத்தில் ஒரு குவார்ட்ஸ் அலைவுத் தராசு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கணக்கு. சதுர சென்டிமீட்டருக்கு 10¹⁶ அணு விழுந்தது, கொத்து ஒவ்வொன்றும் 25 நானோமீட்டர் ஆரமுள்ள உருண்டை என்று வையுங்கள். ஒரு கொத்தில் சுமார் 16 லட்சம் அணு வரும். அப்படியானால் சதுர சென்டிமீட்டருக்கு 600 கோடி கொத்து, ஒன்றுக்கொன்று சுமார் 130 நானோமீட்டர் இடைவெளி. உண்மையில் எல்லாம் ஒரே அளவில் இருக்காது, உருண்டையாகவும் இருக்காது, கல்லில் உட்கார்ந்த இட்லி மாதிரி கொஞ்சம் சப்பையாக இருக்கும். இந்தச் சப்பை பின்னால் முக்கியமாகப் போகிறது.

கல்லைத் திரவ நைட்ரஜனால் குளிர்வித்து வைப்பது நல்லது. ஏன் என்பதற்குச் சோடியத்தின் ஒரு எண் போதும்: ஓர் அணுவைப் பரப்பிலிருந்து பிடுங்கச் சுமார் 1.1 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு). அதிர்வு வேகத்தை வினாடிக்கு 10¹³ என்று எடுத்து வெப்பக் கழற்சி விகிதத்தைப் போட்டுப் பாருங்கள். 300 கெல்வினில் (அறைச் சூடு, 27 டிகிரி) பரப்பணு ஒன்றுக்கு வினாடிக்கு 3×10⁻⁶, அதாவது ஓர் அணு போக மூன்றரை நாள். 400 கெல்வினில் 0.14. 500இல் 80க்கு மேல். 600இல் ஆறாயிரத்துக்குப் பக்கம். முதல் நூறு டிகிரிக்கு நாற்பதாயிரம் மடங்குக்கு மேல் தாவுகிறது, கடைசி நூறுக்கு 70 மடங்கு. இந்த நாலு எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் கலன் மேல் ஒட்டி வையுங்கள். சூட்டின் கையெழுத்து இதுதான்: கொஞ்சம் ஏறினால் கண்டபடி தாவும்.

நான்காம் படி: லேசருக்கு முன்னால் விளக்கு

வளர்ந்த கொத்து எப்படி இருக்கிறது என்று தெரியாமல் லேசரைத் தொடாதீர்கள். ஒரு வெள்ளை விளக்கின் ஒளியைக் கல் வழியாக விட்டு, எந்த அலைநீளம் எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். ஓர் இடத்தில் மேடு தெரியும். பிளாஸ்மான் அங்கே இருக்கிறது.

பிளாஸ்மான் என்றால் என்ன என்று பையன் கேட்டான். அவன் தாத்தா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர், அதனால் சுலபமாகப் போயிற்று. தோளில் கம்பு போட்டு இரண்டு பக்கமும் பால் வாளி தொங்க நடக்கும்போது, நடைவேகமும் வாளிப்பால் தானாக ஆடுகிற வேகமும் ஒன்றானால் பால் அலம்பி வெளியே கொட்டும். வேகத்தைக் கொஞ்சம் மாற்றினால் கொட்டாது. கொத்துக்குள் எலக்ட்ரான்கள்தான் பால், ஒளியின் அலைவுதான் நடை. உருண்டைத் துகள் ஒளியை எப்படி விழுங்கும், சிதறடிக்கும் என்ற கணக்கை குஸ்டாவ் மீ 1908இலேயே போட்டுவிட்டார், தங்கக் கூழ்மம் ஏன் சிவப்பாக இருக்கிறது என்பதற்காக.

சோடியத்தின் குட்டி உருண்டை வெற்றிடத்தில் தனியாக இருந்தால் இந்த மேடு புற ஊதாவின் விளிம்பில், 370 நானோமீட்டர் பக்கம் வரும். கல்லில் உட்கார்ந்து, சப்பையாகி, பெரிதாகும்போது சிவப்பு நோக்கி நகர்ந்து 500 நானோமீட்டர் பக்கம் வந்துவிடும். சப்பை அதிகமானால் ஒரு மேடு இரண்டாகப் பிரியும், எலக்ட்ரான்கள் கல்லோடு படுக்கையாக ஆடுவது ஒன்று, செங்குத்தாக ஆடுவது ஒன்று. ஆகவே இந்த ஒரு வரைபடத்திலிருந்தே கொத்தின் சராசரி வடிவத்தைக் கணக்கிட முடியும். ஒவ்வொரு லேசர் சுற்றுக்கும் முன்னும் பின்னும் இதை எடுங்கள், ஏனென்றால் நீங்கள் அளக்க அளக்கக் கொத்து தேய்கிறது.

ஐந்தாம் படி: லேசர், எவ்வளவு

பெரும்பாலானவர்கள் கெடுத்துக்கொள்வது இங்கேதான். சிக்னல் வரவில்லை என்றால் கை தானாகச் சக்தியைக் கூட்டப் போகும். கூட்டாதீர்கள், கணக்குப் போடுங்கள்.

நானோ வினாடித் துடிப்பு லேசர், சதுர சென்டிமீட்டருக்கு 1 மில்லிஜூல். 25 நானோமீட்டர் ஆரமுள்ள கொத்து தன் நிழல் அளவுக்கு ஒளியை விழுங்குகிறது என்று வையுங்கள். விழுங்கிய ஆற்றலைக் கன அளவால் வகுத்தால் கன சென்டிமீட்டருக்கு 300 ஜூல். சோடியத்தின் வெப்பக் கொள்ளளவு கன சென்டிமீட்டருக்கு ஒரு டிகிரிக்குச் சுமார் 1.2 ஜூல். சூடு கல்லுக்குள் இறங்கவே இல்லை, சோடியத்தை உருக்கவும் செலவாகவில்லை என்றால் 250 டிகிரி ஏறும். பிளாஸ்மான் மேட்டில் கொத்து தன் நிழலைவிட அதிகமாகவும் விழுங்கலாம். மறுபக்கம் துடிப்பு முடிவதற்குள்ளேயே நிறையச் சூடு கல்லுக்குள் ஓடிவிடும். இரண்டும் எதிரெதிர், துல்லியமாகச் சொல்லக் கணினியில் போட வேண்டும். ஆனால் 1 மில்லிஜூல் என்பதே அபாய எல்லை என்பது புரிகிறதல்லவா? அதற்கு நன்றாகக் கீழே, பத்தில் ஒரு பங்கில் தொடங்குங்கள்.

தொடர்ச்சியாக எரிகிற லேசராக இருந்தால் கதை வேறு. சதுர சென்டிமீட்டருக்கு 10 வாட் வைத்து, 1 மில்லிமீட்டர் ஆரப் பொட்டில் பத்தில் ஒரு பங்கு உறிஞ்சப்பட்டாலும் கல்லின் சூடு ஒரு டிகிரிகூட ஏறாது. தனிக் கொத்தின் ஏற்றம் அதிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த நிலையிலும் அணு கழன்றால் சூட்டின் மேல் பழி போட ஆளே இல்லை. என் கருத்து, இரண்டு லேசரும் கிடைத்தால் தொடர்ச்சி லேசரில் விகிதத்தை அளங்கள், துடிப்பு லேசரில் வேகத்தை அளங்கள்.

ஃபோட்டானின், அதாவது ஓர் ஒளித்துகளின், ஆற்றல் வேண்டுமானால் 1240ஐ நானோமீட்டரில் உள்ள அலைநீளத்தால் வகுங்கள், எலக்ட்ரான் வோல்ட்டில் கிடைக்கும். 500 நானோமீட்டருக்கு 2.48. பிடுங்கத் தேவை 1.1தான். ஒரு ஃபோட்டானே இரண்டு அணுவுக்குப் போதும் போலத் தெரிகிறது, ஆனால் அந்த ஆற்றல் ஓர் அணுவிடம் தங்கினால்தானே! பெரும்பாலான ஃபோட்டான்கள் சும்மா சூடாகப் போய்விடுகின்றன.

லேசர் ஓடும்போது அந்த அலைநீளத்துக்கான பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். மோதிரம், கைக்கடிகாரம் கழற்றிவிடுங்கள், அவற்றில் பட்டுத் திரும்பும் கதிர் எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

ஆறாம் படி: பறக்கும் நேரம்

கழன்ற அணுவைப் பிடிப்பது நாற்துருவ நிறைமானி. அணுவை எலக்ட்ரானால் அடித்து அயனியாக்கி, சோடியத்தின் நிறையான 23ஐ மட்டும் உள்ளே விட்டு எண்ணும். கல்லுக்கும் மானிக்கும் 10 சென்டிமீட்டர் தூரம் என்று வைப்போம். லேசர் துடித்த நொடியில் கடிகாரத்தைத் தொடங்குங்கள், ஒவ்வோர் அணுவும் எத்தனை மைக்ரோ வினாடியில் வந்தது என்று எழுதிக்கொண்டே போங்கள். ஒரு துடிப்புக்கு ஓர் அணுகூட வராமல் போகலாம், அது பரவாயில்லை, வினாடிக்கு 10 துடிப்பு என்றால் ஆயிரம் துடிப்புக்கு நூறு வினாடிதான்.

சூட்டால் வந்த அணுக்களாக இருந்தால் வரைபடத்தின் உச்சி எங்கே வரும்? இந்த மானி அடர்த்தியை அளக்கிறது, அதனால் சிக்னல் நேரத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதம், அதோடு ஓர் அடுக்குக்குறிப் பெருக்கல். உச்சி வருகிற நேரம், தூரத்தை √(4kT/m) என்கிற வேகத்தால் வகுத்தது (k போல்ட்ஸ்மன் மாறிலி, T கெல்வினில் சூடு, m அணுவின் நிறை). 10 சென்டிமீட்டருக்கு 300 கெல்வினில் 152 மைக்ரோ வினாடி, 500இல் 118, 600இல் 107.

இப்போது என் வெட்கக்கேட்டைச் சொல்கிறேன். அயனியான பிறகு அந்த அணு மானிக்குள் நாற்துருவக் கம்பிகளுக்கு நடுவே இன்னொரு 20 சென்டிமீட்டர் போக வேண்டும். 10 எலக்ட்ரான் வோல்ட்டில் நிறை 23 அயனிக்கு அது சுமார் 22 மைக்ரோ வினாடி. அதை நான் கழிக்கவில்லை. 107இல் வந்திருக்க வேண்டியது 129இல் வந்ததாக எடுத்து, 600 கெல்வின் அணுவை 413 கெல்வின் என்று எழுதினேன். "பாருங்கள், சூடே இல்லை, ஆனாலும் அணு கழல்கிறது!" என்று ஒரு வாரம் கொண்டாட்டம். ஆராய்ச்சி மேற்பார்வையாளர் ஒரே கேள்விதான் கேட்டார்: உள்ளே போகிற நேரம்? காது சிவந்து போயிற்று. ஆர்கான் (நிறை 40), நியான் (நிறை 20) மாதிரி தெரிந்த வாயுவை வைத்து, அயனியின் ஆற்றலை மாற்றிப் பார்த்து அந்தத் தாமதத்தை அளந்துவிடுங்கள். அளக்காமல் வரைபடத்தை யாரிடமும் காட்டாதீர்கள்.

ஏழாம் படி: குறுக்கு விசாரணை

சரி, அணு வருகிறது. இனிதான் சோதனை தொடங்குகிறது.

லேசர் சக்தியை மாற்றுவதுதான் முதல் விசாரணை. 1.5 மடங்கு கூட்டுகிறீர்கள். ஒளி நேரடியாகச் செய்கிற வேலை என்றால் அணுவும் 1.5 மடங்கு வரும், நேர்கோடு. சூடு என்றால்? 300இலிருந்து 500க்கு ஏறிய கொத்து இப்போது 600க்கு ஏறும், விகிதம் 70 மடங்கு தாவும். கலன் மேல் ஒட்டிய தாளைப் பாருங்கள். 1.5க்கும் 70க்கும் உள்ள வித்தியாசம் கண் தெரியாதவருக்கும் தெரியும். ஆனால் சக்தியை ஏறுவரிசையில் மட்டும் மாற்றாதீர்கள், கலைத்துப் போடுங்கள், நடுநடுவே தொடக்க அளவுக்குத் திரும்பி வந்து பாருங்கள். கொத்து தேய்வதால் சிக்னல் தானாகவே இறங்கும். அதை நேர்கோடு வளைகிறது என்று படித்துவிடக் கூடாது.

அடுத்தது வேகம், நான் அதிகம் நம்புவது இதைத்தான். சக்தியை மாற்றும்போது பறக்கும் நேர உச்சி நகர்கிறதா? சூடு என்றால் நகர்ந்தே ஆக வேண்டும், 118இலிருந்து 107க்கு. நகரவில்லை, எண்ணிக்கை மட்டும் கூடுகிறது என்றால் ஒவ்வோர் அணுவும் ஒரே விதமான தள்ளு வாங்கித்தான் போகிறது, லேசர் வலுவானால் தள்ளு வாங்குகிற அணுக்கள் கூடுகின்றன, அவ்வளவுதான். இந்த ஒரு வரைபடம் பத்து வாதத்துக்குச் சமம்.

மூன்றாவதாக அலைநீளம். எல்லாரும் முதலில் இதைத்தான் காட்டுவார்கள், பிளாஸ்மான் மேட்டில் அணு அதிகம் வருகிறது பாருங்கள் என்று. அழகான படம்தான், ஆனால் தனியாக அது எதையும் நிரூபிக்காது. மேட்டில் கொத்து ஒளியை அதிகம் விழுங்குகிறது, அதனால் அதிகம் சூடாகவும் செய்கிறது, சூட்டால் கழன்றாலும் உச்சி அதே இடத்தில்தான் வரும்! உறிஞ்சிய ஆற்றலால் வகுத்துவிட்டுப் பிறகு பாருங்கள். வகுத்த பிறகும் அலைநீளத்தைப் பொறுத்து மாற்றம் மிஞ்சுகிறதா, இல்லை சமமாகிவிடுகிறதா என்பதில்தான் செய்தி இருக்கிறது. பையன் கொண்டு வந்திருந்த திட்டத்தில் இந்த வகுத்தல் இல்லை. மூன்றாவது தே தாரிக் முழுக்க இதற்கே போனது.

ஒளியின் முனைவாக்கத்தை, அதாவது அதன் மின்புலம் ஆடுகிற திசையை, திருப்பிப் பார்ப்பது சின்ன வேலை, பலன் பெரியது. லேசர் சாய்வாக விழும்போது மின்புலம் கல்லோடு படுக்கையாக மட்டும் இருந்தால் சப்பைக் கொத்தின் படுக்கை ஆட்டம் மட்டும் எழும். மறுவாட்டத்தில் செங்குத்து ஆட்டமும் சேரும். நாலாம் படியில் பார்த்த இரண்டு மேட்டோடு அணு எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

ஏமாற்றுகிற இடங்கள்

கலன் சுவர். இதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். நீங்கள் ஆவியாக்கிய சோடியம் கல்லில் மட்டுமா படிந்தது? சுவரிலும், கல்லின் பிடியிலும், சன்னல் கண்ணாடியிலும் படிந்திருக்கிறது. கல்லில் பட்டுச் சிதறிய லேசர் அங்கேயும் போய் அணுவைக் கழற்றும். சுவரிலிருந்து ஒளியால் கார உலோக அணுக்கள் கழல்வது ஒரு தனித் துறையாகவே வளர்ந்திருக்கிறது, அணுக்களைக் குளிர்வித்துப் பிடிப்பவர்கள் சின்னக் கலனுக்குள் ரூபிடியம் நிரப்ப இந்த வித்தையை வேண்டுமென்றே பயன்படுத்துகிறார்கள். உங்களுக்கு அது வில்லன். கல்லில் ஒரு மூலையை ஆவியாக்கும்போது மறைத்து வெறுமையாக விடுங்கள். லேசரை அந்த மூலைக்குத் திருப்பியும் நிறை 23 வந்தால் அது கொத்தின் அணு இல்லை.

மின் இரைச்சல் ஒன்று. லேசர் துடிக்கும் அதே நொடியில், பூஜ்ஜிய நேரத்தில், ஒரு கூர்மையான முள் தெரியும். அது அணு இல்லை, எந்த அணுவும் அவ்வளவு வேகமாக வராது. வெட்டி எறியுங்கள்.

அப்புறம், முதல் சில ஆயிரம் துடிப்புக்குச் சிக்னல் வேகமாக இறங்கி, பிறகு மெதுவாகிவிடும். கருவி கெட்டுப்போயிற்று என்று பயப்பட வேண்டாம். வெளி வரிசைப் பழம் கதைதான்: கொத்தின் ஓரத்திலும், அதன் பரப்பில் அணு அடுக்கு முடிகிற படிக்கட்டிலும், அக்கம்பக்கத்தில் துணை குறைவான அணுக்கள் முதலில் போகின்றன. அவை தீர்ந்தபிறகு மற்ற அணுக்கள் ஓடி வந்து அந்த இடங்களை நிரப்பினால்தான் அடுத்த கழற்சி. கல்லைக் குளிர்வித்திருந்தால் அந்த ஓட்டம் மந்தம், அதனால் வீழ்ச்சி இன்னும் தெளிவாகத் தெரியும். கொஞ்ச நேரம் லேசரை மூடிவைத்துத் திறந்தால் சிக்னல் மீளுகிறதா என்று பாருங்கள். மீண்டால் அந்த நேரத்திலிருந்தே அணுக்கள் பரப்பில் எவ்வளவு வேகமாக நகர்கின்றன என்று கணிக்கலாம், கூலியில்லாமல் இன்னொரு சோதனை.

கலனைத் திறக்கும் நாளில் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அடுப்பில் மிஞ்சிய சோடியத்தைத் தண்ணீரில் கழுவப் போகாதீர்கள், காற்றுறிஞ்சிக்குக் கீழே ஆல்கஹாலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்க வேண்டும்.

உள்ளே நடப்பது

பிளாஸ்மான் ஆட்டம் பத்து ஃபெம்டோ வினாடி அளவில் செத்துவிடும். அதன் ஆற்றல் ஒரு பங்கு ஒளியாகத் திரும்பப் போகும், மீதி ஒரு சில எலக்ட்ரான்களிடம் போகும். அந்த எலக்ட்ரான்கள் படிகத்தின் அதிர்வுகளுக்கு ஆற்றலைக் கொடுத்துக் கொத்தைச் சூடாக்க ஒரு பிகோ வினாடி அளவு ஆகும், அதாவது அதைப்போல நூறு மடங்கு. இந்தச் சின்ன இடைவெளியில் கிளர்ந்த எலக்ட்ரான் ஒன்று ஓரத்து அணுவின் பிணைப்பை அறுக்கும் நிலைக்குப் போய்விட்டால், அந்த அணு திடீரென்று பள்ளத்திலிருந்து மேட்டுச் சரிவுக்கு வந்தது போலாகி உருண்டு வெளியேறும். 1964இல் மென்செல், கோமர் இருவரும், தனியாக ரெட்ஹெட்டும், எலக்ட்ரான் அடியால் அணுக்கள் கழல்வதற்கு இப்படி ஒரு விளக்கம் கொடுத்தார்கள். உலோகத்தில் இந்தக் கிளர்ச்சி மிகச் சீக்கிரம் அணைந்துவிடும், ஆகவே பெரும்பாலான முயற்சி தோற்கும். தோற்றதெல்லாம் சூடாகும். அதனால்தான் சூடும் ஒளியும் எப்போதும் சேர்ந்தே வருகின்றன, அதனால்தான் இத்தனை விசாரணை.

வேடிக்கை என்னவென்றால், அதே டிரேகர் குழு காசெல் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு, 1999இல், சூட்டையே கருவியாக்கிக்கொண்டது. வெள்ளிக் கொத்துகளின் மேல் இரண்டு வெவ்வேறு அலைநீள லேசரை அடித்தால், அந்தந்த அலைநீளத்துக்கு ஆடுகிற அளவுள்ள கொத்து மட்டும் சூடாகி அணுக்களை இழக்கும். மற்றவை தப்பிக்கும். கலந்து கிடந்த அளவுகள் இப்படி ஒடுங்கி ஏறக்குறைய ஒரே அளவுக்கு வந்துவிடும். ஆக உங்கள் விசாரணையில் சூடுதான் குற்றவாளி என்று தெரிந்தாலும் ஆய்வேட்டைக் கிழித்துப் போட வேண்டாம், தலைப்பை மாற்றிக்கொள்ளலாம்.

போன வாரம் பையனிடமிருந்து கைப்பேசியில் செய்தி வந்தது. நிறை 23 கிடைத்துவிட்டதாம், சந்தோஷம். அடுத்த வரியில், "வெறும் மூலைக்குத் திருப்பினாலும் பாதி வருது சார்." சன்னல் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி சுடச் சொல்லியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை, இரண்டு நாள் ஆகும்.